செருப்புத் தைத்த மாப்பிள்ளை: வில்லுப்பாட்டில் ஒரு காதல் கதை



போன மாதம் கொடை விழா பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "சார், ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் என்னதான் பாடுவார்கள்? சாமி கதை என்றால் ராமாயணம் மாதிரியா?" என்று வெளியூரில் இருக்கும் மாணவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நம் தாமிரபரணிக் கரையில் அதிகம் பாடப்பட்ட கதைகளில் ஒன்று காதல் கதை. முத்துப்பட்டன் கதை. அந்தணக் குலத்தில் பிறந்த ஒருவர், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரை விரும்பி, அந்தக் குடும்பத்தின் மாப்பிள்ளையாகிச் செத்துப்போன கதை. அவர்தான் பாபநாசத்துக்கு மேலே காரையாறு காட்டில், சொரிமுத்து ஐயனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் பொம்மக்கா, திம்மக்காவோடு நிற்கிறார். ஆடி அமாவாசைக்குப் போய்வருகிற நம்மில் எத்தனை பேர் அந்தக் கதையை முழுதாகக் கேட்டிருக்கிறோம்?

முதலில் வில்லைப் பற்றி. டிவியில், ரேடியோவில் நீங்கள் கேட்டது இரண்டு மணி நேர வில்லுப்பாட்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அதை மேடைதோறும் கொண்டுபோனார். அதன் பெருமை வேறு. கோயில் கொடையில் நடப்பது அதற்கு மூத்த வடிவம். அங்கே கதை சாமிக்காகப் பாடப்படுகிறது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம், அவ்வளவுதான்.

வில் ஓர் ஆளைவிட நீளமானது. நாண் முறுக்கிய மாட்டுத்தோல். வில்லின் வளைவில் வரிசையாக வெண்கல மணிகள். வில்லை ஒரு மண்குடத்தின் மேல் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். முதல் பாட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணைத் தட்டுவார். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தியால் அடிக்கும்போது வரும் 'கும்' என்ற சத்தம் அடிவயிற்றில் கேட்கும். உடுக்கு, ஜால்ரா, கட்டை என்று இன்னும் மூன்று நான்கு பேர். அதில் ஒருவருக்கு ஆமாம் போடுவதுதான் வேலை. அது லேசான வேலை இல்லை. கதை தொய்யும் இடத்தில் கேள்வி கேட்பதும், சிரிக்க வைப்பதும், தூங்குகிறவனை எழுப்புவதும் அவர் பொறுப்பு. நம் பக்கத்தில் முதல் பாட்டுக்காரரை அண்ணாவி என்போம், புலவர் என்றும் சொல்வார்கள். பெண்களும் அண்ணாவியாக இருந்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மா சிறுவயதிலேயே வில்லடிக்க வந்து பல பத்தாண்டுகள் பாடியவர். 2018இல் காலமானார்.

கொடையில் பாடும் கதைகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று தெய்வப் பிறப்புக் கதை. சாமி கயிலாயத்தில் பிறந்து, வரம் வாங்கி, பூமிக்கு வந்து இந்த ஊரில் இறங்கிய கதை. இன்னொன்று இறப்புக் கதை. நம்மைப்போலப் பிறந்த மனுஷன் அல்லது மனுஷி, வெட்டுப்பட்டோ தீயில் விழுந்தோ அகாலமாகச் செத்து, பிறகு தெய்வமான கதை. இறப்புக் கதையில் அந்தச் சாவு வரும் இடம்தான் முக்கியம். அது நடுநிசியை ஒட்டி வரும்படி அண்ணாவி கதையை இழுப்பார், சுருக்குவார். வில்லும் குடமும் உடுக்கும் ஒன்றாக ஏறும். சாமியாடி எழுந்து ஆட வேண்டிய நேரம் அது.

முத்துப்பட்டன் கதை இந்த இரண்டாவது வகை. நான் முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம், ஆச்சி மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு எத்தனையோ கொடைகளில் கேட்டுவிட்டேன். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முத்துப்பட்டன் அந்தணக் குடும்பத்தின் கடைக்குட்டி. அண்ணன்மாரோடு மனஸ்தாபம். வீட்டை விட்டுக் கிளம்பி மலை தாண்டிக் கேரளத்துக் கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலைக்குச் சேர்கிறார். காலம் போகிறது. அண்ணன்மார் தேடி வந்து, சமாதானம் பேசி, ஊருக்குக் கூட்டி வருகிறார்கள். வரும் வழியில் மலையடிவாரத்தில் குளித்து ஜபம் பண்ண இவர் பின்தங்குகிறார். அப்போது ஒரு பாட்டுக் கேட்கிறது. இரண்டு பெண்கள், அக்காளும் தங்கையும், மாடு காக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். பொம்மக்கா, திம்மக்கா. அப்பா பெயர் வாலப்பகடை.

இந்த இடத்தில் அண்ணாவிகள் கொஞ்சுவார்கள். பட்டன் பாட்டைக் கேட்டு ஜபத்தை மறப்பதை அரை மணி நேரம்கூடப் பாடுவார்கள். ஆமாம் போடுகிறவர், "ஐயரே, மந்திரம் எங்கே விட்டுச்சு?" என்று கேட்க, பந்தலே சிரிக்கும். பட்டன் போய்ப் பேசுகிறார். பெண்கள் பயந்து ஓடி அப்பாவிடம் சொல்கிறார்கள். வாலப்பகடை கோபத்தோடு ஆயுதத்தை எடுத்துக்கொண்டு தேடி வருகிறார்.

வந்து பார்த்தால் பூணூல் போட்ட ஆள் நிற்கிறார். "உன் மகள்களை எனக்குக் கட்டிக் கொடு" என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்து இந்தக் கதையின் உயிர் அடுத்து வரும் பேச்சில்தான் இருக்கிறது. வாலப்பகடை சந்தோஷப்படவில்லை. பெரிய இடத்துச் சம்பந்தம் வந்ததே என்று காலில் விழவும் இல்லை. நாங்கள் யார், எங்கள் தொழில் என்ன, எங்கள் சாப்பாடு என்ன, எங்கள் வாசலில் என்ன வாடை வீசும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். அதன் பிறகு நிபந்தனை வைக்கிறார். குடுமியை அறுக்க வேண்டும். பூணூலை அறுக்க வேண்டும். எங்களைப் போலத் தோல் வேலை கற்றுச் செருப்புத் தைத்துக்கொண்டு வர வேண்டும். உன் அண்ணன்மாரிடமும் சொல்லிவிட்டு வர வேண்டும். பிறகு பெண் தருகிறேன்.

பட்டன் அண்ணன்மாரிடம் போய்ச் சொல்கிறார். அவர்கள் புத்தி சொல்லிப் பார்க்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், கடைசியில் அறையில் போட்டு அடைக்கிறார்கள். தப்பி வருகிறார். குடுமி போகிறது, பூணூல் போகிறது. உட்கார்ந்து தோல் அறுத்து, ஊசி பிடித்து, செருப்புத் தைக்கிறார். கொண்டுபோய் மாமனார் முன்னால் வைக்கிறார். கல்யாணம் நடக்கிறது.

கல்யாண ராத்திரியே செய்தி வருகிறது. வாலப்பகடை காவல் காக்கும் மாடுகளைக் கொள்ளைக்கூட்டம் ஓட்டிக்கொண்டு போகிறது. புது மாப்பிள்ளை பெண்களிடம் சொல்லிக்கொண்டு, நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். சண்டையில் ஜெயிக்கிறார். ரத்தம் கழுவ நீரில் இறங்கியபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னால் வந்து குத்திவிடுகிறான். நாய் ஓடிவந்து பெண்களைக் கூட்டிப் போகிறது. அவர்கள் உடலைக் கண்டெடுத்து, சிங்கம்பட்டி அரசரிடம் போய் அனுமதி கேட்டு, சிதையில் ஏறுகிறார்கள். மூவரும் தெய்வமாகிறார்கள்.

கதை இவ்வளவுதான். நான் வரலாறு எடுத்தவன். கதை கேட்டால் அது எந்தக் காலம் என்று தேடத் தோன்றும்.

கதையில் ஆண்டு இல்லை. ஆனால் தடயங்கள் இருக்கின்றன. அரசர் யார்? மதுரை நாயக்கரும் இல்லை, வெள்ளைக்காரக் கலெக்டரும் இல்லை, சிங்கம்பட்டிப் பாளையக்காரர். பாளைய முறை 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர், அரியநாத முதலியார் காலத்தில் அமைந்தது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்தது, 1803இல் பாளையங்கள் ஜமீன்களாக மாறின. அடுத்த தடயம் பெண்களின் பெயர். பொம்மக்கா, திம்மக்கா என்பவை தெலுங்கு, கன்னடப் பக்கத்துப் பெயர்கள். இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படும் மக்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்தவர்கள். அன்றைக்குத் தோல் இல்லாமல் விவசாயமும் இல்லை, படையும் இல்லை. கிணற்றில் கமலை இறைக்கத் தோல், குதிரைச் சேணத்துக்குத் தோல், கேடயத்துக்குத் தோல், காலுக்குச் செருப்பு. இத்தனை பேருக்கும் தேவைப்பட்டவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்தோம்.

மாட்டுக் கொள்ளையும் அந்தக் காலத்து நடப்பு. சொத்து என்றால் மாடுதான். மலையடிவாரத்தில் ராத்திரிக் காவல் என்பது உயிரைக் கொடுக்கும் வேலை. கடைசித் தடயம் தீ. கணவன் சிதையில் மனைவி ஏறுவதைச் சென்னை மாகாணத்தில் 1830இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கதையில் பெண்கள் பாளையக்காரரிடம் அனுமதி கேட்டு ஏறுகிறார்கள். ஆக, இந்தக் கதை பிறந்த உலகம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாயக்கர், பாளையக்காரர் உலகம்.

இதை அச்சில் ஏற்றிக் காப்பாற்றித் தந்தவர் பேராசிரியர் நா.வானமாமலை. நாங்குநேரிக்காரர். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியவர். வில்லுப்பாட்டுக்காரர்களையும் ஏட்டுப் பிரதிகளையும் தேடித் தேடிப் போனவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கட்டபொம்மு, கான்சாகிபு, ஐவர் ராசாக்கள் ஆகிய கதைப்பாடல்களும் அவர் உழைப்பில் அச்சுக்கு வந்தவைதான். கொடையில் 'சும்மா பாடுவது' என்று படித்தவர்கள் ஒதுக்கியவற்றை வரலாற்றுச் சான்றாக எடுத்து மேசைமேல் வைத்தவர் அவர்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சிறுவயதில் ஆச்சி மடியில் கேட்ட கதை எப்படித் தொடங்கியது தெரியுமா? பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகளே இல்லை என்று தொடங்கியது. அவர்கள் உண்மையில் உயர்ந்த குலத்தில் பிறந்தவர்கள், காட்டில் விடப்பட்டவர்கள், பகடை கண்டெடுத்து வளர்த்தார், அவ்வளவுதான். அதனால் பட்டன் கட்டியது தன் குலத்துப் பெண்களைத்தான்! பந்தலில் இருந்த பெரியவர்களுக்கு ஒரு நிம்மதி.

இந்தத் தொடக்கம் பிற்காலத்தில் சேர்த்த ஒட்டு என்று நா.வா. எடுத்துக்காட்டினார். கதை கேட்கும் மேல்சாதியாருக்கு உறுத்தாமல் இருக்கச் செய்த வேலை. அதைப் படித்த பிறகு மற்றக் கதைகளையும் யோசித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே கண்டெடுத்த பிள்ளை!

மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மண நாயக்கர் மகள் பொம்மியைக் காதலித்துக் கூட்டிப் போனவர். சின்னான் என்ற செருப்புத் தைப்பவரின் மகனாக வளர்ந்தவர். ஆனால் பிறப்பு? காசி ராஜா மகன், மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவர் என்பார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படத்திலும் அப்படித்தான். வள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்க்காத ஊர் உண்டா? முருகன் தினைப்புனத்தில் குறவர் மகளை மயக்கிக் கட்டிய கதை. கந்தபுராணத்திலோ வள்ளி திருமாலின் மகள், முனிவர் பார்வையால் மான் வயிற்றில் வந்தவள், வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்தவள். நம்பிராஜன் எடுத்து வளர்த்தார். சாமியே காதலித்தாலும் பெண்ணின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் திருத்தித்தான் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறோம்.

காதலை மறுக்க முடியவில்லை. ஊரே விரும்பிக் கேட்கிறது. அதனால் பிறப்பை மாற்றிவிட்டார்கள்.

ஆசிரியர் வேலையில் இடமாற்றமாகி வேறொரு ஊரில் இருந்தபோது, அங்கே அருந்ததியர் தெருக் கொடைக்குப் போயிருந்தேன். அதே முத்துப்பட்டன் கதை. அந்த ராத்திரியில் காட்டில் கிடந்த குழந்தை வரவில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்கள், தவமிருந்து பெற்ற மகள்கள் என்று அண்ணாவி நேராகத் தொடங்கினார். நிபந்தனை வைக்கும் இடம் வந்தபோது தெருவே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாலப்பகடை பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கிழவிகள் தலையாட்டினார்கள். சிறுவயதில் நான் கேட்ட ஊரில் இதே மக்கள் பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுதான் கேட்டார்கள். பொம்மக்கா, திம்மக்காவின் சொந்தக்காரர்கள் வெளியே நிற்க, உள்ளே அவர்கள் கதைக்கு நாங்கள் கண்ணீர் விட்டோம்.

விடிந்த பிறகு டீக்கடையில் அந்த அண்ணாவியிடம் கேட்டேன். "அண்ணாவி, அந்தப் பிறப்புக் கதையை நீங்க பாடலியே?"

அவர் சிரித்தார். "சார்வாள், பிறப்பைப் பந்தல் போட்டவங்களுக்குத் தக்கன பாடிக்கிடலாம். இறப்பை மாத்த முடியாது. மாத்துனா சாமி வராது."

வகுப்பில் நான் பல வருஷம் நடத்திய பாடத்தை அவர் ஒரு டம்ளர் டீக்குள் முடித்துவிட்டார். வாய்மொழிக் கதையில் எது மாறும், எது மாறாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கூலி கொடுப்பவர்களுக்காகத் தொடக்கம் மாறும். சாமியாடி எழ வேண்டிய இடத்தை, வழிபாடு தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தை, யாரும் தொட முடியாது.

அப்படித் தொட முடியாமல் போனதால்தான் ஒட்டு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. பெண்கள் பிறப்பால் உயர்குலம் என்றால், பட்டன் எதற்குக் குடுமியை அறுத்தார்? எதற்குச் செருப்புத் தைத்தார்? அண்ணன்மார் எதற்குப் பூட்டி வைத்தார்கள்? தொடக்கத்தைச் சேர்த்தவர்களுக்கு இந்தக் காட்சிகளை எடுக்கத் துணிவில்லை. எடுத்திருந்தால் ஊர் கேட்டிருக்காது.

சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சன்னிதியை நினைத்துப் பாருங்கள். நேர்த்திக்கடனாக என்ன கட்டித் தொங்கவிடுகிறார்கள்? தோல் செருப்பு. மற்றக் கோயில்களில் வாசலுக்கு வெளியே கழற்றிப் போடும் பொருளை இங்கே சாமிக்குக் காணிக்கையாகக் கொடுக்கிறோம். புதுச் செருப்பைக் கட்டிவிட்டுப் பிறகு போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும், ராத்திரி பட்டவராயன் போட்டுக்கொண்டு காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. பிறப்புக் கதையை எத்தனை தடவை திருத்தினாலும், சன்னிதியில் தொங்கும் செருப்பு அவர் எந்த வீட்டு மாப்பிள்ளை என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்பீர்கள்: "கடைசியில் மூணு பேரும் செத்துத்தானே போனார்கள்? சாதி மாறிக் கட்டினால் இதுதான் கதி என்று சொல்லும் கதை இல்லையா?" நியாயமான கேள்வி. கதையைத் திரும்பப் பாருங்கள். பட்டனைக் கொன்றது அண்ணன்மார் இல்லை, வாலப்பகடை ஆட்களும் இல்லை. மாடு திருடிய கூட்டத்தில் ஒருவன். பட்டன் மாமனாரின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தார். அந்த வீட்டு வேலையை ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளையாகச் செத்தார். காதலித்ததற்காக அல்ல, காதலித்தவர்களின் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டதற்காக ஊர் அவரைக் கும்பிடுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கதையில் உள்ள எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஒருவர் இருவரைக் கட்டியதும், அந்தப் பெண்கள் தீயில் இறங்கியதும் அந்தக் காலத்து வழக்கம். நல்லவேளை, ஒழிந்தது. பெண்களின் விருப்பத்தைக் கதை அதிகம் கேட்கவில்லை என்பதும் உண்மை. வில்லடிக்கும் பெண்கள் இன்னும் நிறைய வந்தால் பொம்மக்காவின் பக்கமிருந்து கதை கேட்கக் கிடைக்கும். கேட்க ஆசையாக இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய மாணவர் ஒருவர் போன் பண்ணினார். இன்று ஐம்பதைத் தாண்டியவர். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். படித்த பையன், நல்ல வேலை. அவருக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. "சார், எங்க பரம்பரையிலேயே இப்படி நடந்ததில்ல. எல்லாம் சினிமாவும் செல்போனும் பண்ற வேலை" என்றார்.

நான் கேட்டேன், "ஏப்பா, உங்க குலதெய்வம் எது?"

"சொரிமுத்தையன்கோயில் பட்டவராயன், சார். வருஷம் தவறாம ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோட போய்க் குடில் போட்டுத் தங்குவோம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. பிறகு, "புரியுது சார்" என்றார். பையனின் வீட்டாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று சென்ற வாரம் கேள்விப்பட்டேன். என்ன முடிவெடுப்பார் என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம். ஆனால் அவர் மகளின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

நம் மாவட்டத்துச் செய்தித்தாளில் காதலுக்காகப் பிள்ளைகளை வெட்டிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வெட்டியவர்கள் சொல்லும் காரணம் மானம், பரம்பரை. எந்தப் பரம்பரை? நம் பாட்டன் பூட்டன்கள் இப்படி ஒரு காதலைப் பார்த்து, கொஞ்சம் மனம் குமைந்து, பிறப்பைக் கொஞ்சம் திருத்தி, கடைசியில் தோற்றுப்போய்க் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள். அதுவும் பரம்பரைதானே? சாதி கடந்து திருமணம் செய்வோருக்கு இன்று 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு உதவித் திட்டம் இருக்கிறது. பட்டனுக்கு இதெல்லாம் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு தோல் ஊசி.

ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் தர்பாரில் அமர்ந்து காட்சி தருவார். 2020இல் அவர் காலமாகிவிட்டார். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறைக் கட்டுப்பாடுகளும் உண்டு. பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள், ஆற்றில் துணிகளை விடாதீர்கள். பட்டவராயன் சன்னிதியில் நிற்கும்போது பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். செருப்பு ஏன் தொங்குகிறது என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். "வேண்டுதல்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் இந்தக் கதை எப்படித் தொடங்குகிறது? காட்டில் கிடந்த குழந்தைகளிலிருந்தா, வாலப்பகடை வீட்டிலிருந்தா? வீட்டில் எண்பது தாண்டிய தாத்தா, ஆச்சி யாராவது இருந்தால் கேட்டு, அவர்கள் குரலிலேயே போனில் பதிவு செய்து வையுங்கள். கதையின் இடையில் திருத்தாதீர்கள், அவர்கள் போக்கில் சொல்லட்டும். கேட்டதை இங்கே எழுதினால் எல்லோரும் படிப்போம். பந்தலுக்கு வெளியே நின்று கேட்ட குடும்பங்களிலிருந்து வந்த என் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு ஆச்சிமார் சொன்ன கதைக்காகத்தான் அதிகம் காத்திருக்கிறேன்.